லைனில் ஒரே நாற்காலி

அந்த நாற்காலியில் இன்றைக்கும் ஷாலின்தான் உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்கக் கலைமணிக்கு வயிறு எரிந்தது.

ஒரகடத்துக் கம்பெனியில் கார் ஒயர் கட்டும் லைன் அது. எல்லோருக்கும் நின்றுகொண்டே வேலை. ஒயரைச் சரிபார்க்கும் கடைசி இடத்தில் மட்டும் ஒரு நாற்காலி. போன வருஷம் அதில் உட்கார்ந்த தென்றல், கொஞ்ச நாளில் முழுகாமல் இருப்பதாகச் சொல்லி லட்டு கொடுத்தாள். அடுத்து உட்கார்ந்த கவிப்பிரியாவும் லட்டு கொடுத்தாள். இப்போது ஷாலின். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள்!

கலைமணிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்; இன்னும் குழந்தையில்லை. "ஓவரியில திசு தழும்பு மாதிரி இறுகிப் போயிருக்கும்மா. கருமுட்டை இருப்பும் கம்மி. ஊசி போட்டாலும் நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அடுத்த மாதம் கடைசி முயற்சி.

"நின்னு நின்னுதான் இறுகிப்போச்சு. அந்தச் சேர் கெடச்சா போதும்" என்றாள் புருஷன் பாபுவிடம்.

"டாக்டர் அப்படிச் சொல்லலியே?"

"டாக்டர் எந்த லைன்ல நின்னாங்க?"

மறுநாள் சூப்பர்வைசர் கொம்பையாவிடம் போனாள். "காலு வலிக்குது சார். உக்கார்ற வேலை குடுங்க."

நெல்லைக்காரரான கொம்பையா தைலம் கொடுத்தார். அந்த நெடியில் பக்கத்திலிருந்தவள் தும்மி, ஒயர் மாறிப் போய், லைனே நின்றது.

அடுத்த நாள் தலைசுற்றல் என்றாள். "அப்ப ஓ.டி. வேண்டாம் தாயீ" என்று வெட்டிவிட்டார். ஊசிச் செலவுக்கு அவள் நம்பியிருந்ததே அந்தக் கூடுதல் நேரக் கூலியைத்தான்.

வேறு வழியில்லை. மூன்றாம் நாள் வாயைப் பொத்திக்கொண்டு, கொம்பையா கண்ணெதிரே பாத்ரூமுக்கு ஓடினாள். அவர் சரியாகக் கவனித்தாரோ என்னவோ என்று இன்னொரு தடவையும் ஓடினாள்.

திரும்பி வந்தபோது அவர் குரல் இளகியிருந்தது. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா? காலு, தலைன்னு சுத்தி வளைச்சுக்கிட்டு!"

போய் ஷாலின் காதில் ஏதோ சொன்னார். அவள் கலைமணியைப் பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். கண் கலங்கியிருந்தது.

'அழட்டும்' என்று உட்கார்ந்தாள் கலைமணி. அவள் இடத்தில் போய் நின்றாள் ஷாலின்.

டீ நேரத்தில், தரை துடைக்கும் ஞானம்மா ஒரு மாங்காய்க் கீற்றைக் கையில் திணித்தாள்.

"இன்னாத்துக்குக்கா இது?"

"துன்னு. உன் மனசு நோவுமேன்னு இத்தினி நாளா இந்தப் பேச்சையே யாரும் உங்கிட்ட எடுக்கல."

"இன்னா பேச்சு?"

ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்த ஷாலினை ஞானம்மா தாடையால் காட்டினாள்.

"மாசமா கீறவங்களுக்குன்னு லைன்ல கீறது இந்த ஒரு சேருதானே? தனக்கு ரெண்டு மாசம் ஆவுதுன்னாலும், ஒம்போது வருசம் கழிச்சு உனக்கு நின்னுக்கீதேன்னு அந்தப் பொண்ணு எழுந்து குட்த்துட்டா!"