ரொட்டி அடுப்பைப் பிடித்த ஜுரம்

ஐம்பத்தேழாம் வருஷம் ஃப்ளூ ஜுரம் கப்பலேறி வந்து ராயபுரத்தில் இறங்கியதும், சர்க்கார் சும்மா இருக்கவில்லை. உடனே ஒரு குழு அமைத்தது.

ஜுரக் கொட்டகையில் கிடந்தவர்களுக்குப் பாலும் ரொட்டியும்தான் ஆகாரம். ரொட்டி போட்டுக் கொடுத்தவர் பேக்கரிக்கார அம்புரோஸ். அவரிடம் இருந்தது ஒரே அடுப்பு. குழுவின் காரியதரிசி அருள்பிரகாசம் அங்கே எழுந்தருளி, "ஆலோசனை நடத்த பிஸ்கோத்து தேவைப்படுகிறது. சர்க்கார் உத்தரவு" என்றார். அம்புரோஸ் ஒரு தட்டு சுட்டுக் கொடுத்தார்.

அதைத் தின்று முடித்த குழு, பிரச்னையின் ஆழத்தை உத்தேசித்து இரண்டு உபகுழுக்களை நியமித்தது. அவையும் ஆலோசிக்க வேண்டாமா? அவற்றுக்கும் பிஸ்கோத்து போயிற்று. தின்ற உபகுழுக்கள் ஆளுக்கு நாலு குட்டி போட்டன. கடைசியில் மைதா, சர்க்கரை, விறகு, வேலையாள் எல்லாம் பிஸ்கோத்துக்கே சரியாகி, ரொட்டி அடியோடு நின்றது. அக்கிரமம் என்கிறீர்களா? உத்தரவு என்றதும் நீங்களும் நானும் மட்டும் என்ன கிழித்துவிட்டோம்!

காத்தூன் பீவி ஓடி வந்தாள். அவள் மகன் ரஷீது கொட்டகையில் கிடந்தான்.

"இன்னா அண்ணாத்தே, ரொட்டி எங்க? எம்புள்ள வெறும் பாலக் குடிச்சிகினு துரும்பா கீறான்!"

பதில் சொன்னவர் அருள்பிரகாசம். வாயில் பிஸ்கோத்து இருந்தது.

"அம்மா, முதலில் வியாதியைப் புரிந்துகொள். வைரஸுக்குத் தனியாக ஒன்றும் செய்யத் தெரியாது. உடம்பிலுள்ள செல்லுக்குள் புகுந்து உத்தரவு போடும். செல் தனக்கு வேண்டிய புரதத்தை நிறுத்திவிட்டு, தன் சரக்கையும் தன் கருவியையும் போட்டு வைரஸுக்கு வேண்டிய புரதத்தைச் செய்து கொடுக்கும். உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது நூறு!"

"அந்த செல்லுக்கு மூள கெடயாதா சார்?" என்றார் அம்புரோஸ், அடுத்த பிஸ்கோத்துத் தட்டை அடுப்பில் தள்ளிக்கொண்டே.

"உத்தரவு என்றால் அதற்குத் தெரியும். யார் உத்தரவு என்று கேட்கத் தெரியாது."

"அய்யோ பாவம்!" என்று அம்புரோஸ் உச்சுக் கொட்டினார்.

"செல்லாவது கில்லாவது! எம்புள்ளைக்கி ரொட்டி வேணும்!" என்று காத்தூன் பீவி தெருவில் இறங்கிக் கத்தினாள். கத்தலில் பேட்டையே திரண்டது. அன்று சாயங்காலமே 'ரொட்டி மீட்புப் போராட்டக் குழு' உதயமாயிற்று. காத்தூன் பீவிதான் தலைவி.

மறுநாள் காலையில் அவள் படை சூழ வந்ததைப் பார்த்ததும் அம்புரோஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரியதரிசியும் இல்லாத நேரம். ரொட்டிக்கென்று ஒளித்து வைத்திருந்த கடைசி மைதா மூட்டையை இழுத்துப் பிரித்தார்.

"ரொட்டி நாளைக்கிப் போட்டுக்கலாம் அண்ணாத்தே" என்றாள் தலைவி. "இப்ப எங்க குழு கூடுது. வெறும் வாயோட இன்னாத்தப் பேசறது? நாலு தட்டு பிஸ்கோத்து போடு."