சாரல் விழுந்தால்தான் உயிர்

சாவுக்கு இத்தனை கறாராகச் சட்டம் போட்ட ஆள் எமலோகத்தில்கூட இருக்க மாட்டார். எங்கள் தென்காசி லாட்ஜ் மாடியில் இருந்தார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. எங்களுக்குக் கம்பவுண்டர் அண்ணாச்சி. சொந்தப் பெயரைக் கேட்கவே தோன்றவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. லாட்ஜில் நாங்கள் நாலைந்து கல்யாணமாகாத குமாஸ்தாக்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் செத்துக்கொண்டிருந்த எங்களுக்காக அண்ணாச்சி தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். மருந்துப் பெட்டி அட்டையைப் பிரித்து, சுரண்டையிலிருந்து குற்றாலம் ஐந்தருவி வரை பாதை வரைந்தார். ஆளுக்கொரு வேஷம். நான் தளபதி, என் அறைத்தோழன் முத்தையா திருடன், அண்ணாச்சி வைத்தியர். மருந்து பாட்டில் மூடிதான் காய். அதன்மேல் மையால் ஐந்து புள்ளி, அதாவது ஐந்து உயிர். சோழி உருட்டிப் போகிற வழியில் அரக்கன் கட்டம் வந்தால், எழுந்து நின்று குடையால் நிஜமாகவே சண்டை போட வேண்டும். பக்கத்தில் இருக்கிறவன்தான் அரக்கன்.

அந்தச் சண்டை இருக்கிறதே, அடேயப்பா! அதற்காகவே உயிரைக் கொடுக்கலாம். முத்தையாவின் மூக்குக்கண்ணாடி போனது, என் முன்பல் ஆடியது, ஒருத்தனும் விளையாட்டை விடவில்லை.

குறையும் இருந்தது. வயிற்றெரிச்சலான குறை. தோற்றால் ஒரு புள்ளி அழியும். அதைத் திரும்ப வாங்க, காயை ஐந்தருவியில் சேர்த்துவிட்டுத் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதுவும் வெளியே நிஜமாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தால்தான் செல்லும். சித்திரையில் விளையாடினால் எல்லோரும் பூண்டோடு காலி.

"அண்ணாச்சி, இது அநியாயம்லா?" என்று முத்தையா குதிப்பான்.

"ஏலே, வறண்ட அருவில எவம்லே குளிப்பான்? செத்தா செத்ததுதான். ஆஸ்பத்திரில தெனமும் பாக்கேன், ஒருத்தனும் எந்திரிச்சு வரல" என்பார்.

ஒரு வைகாசியில் அண்ணாச்சியே படுத்துவிட்டார். காமாலை முற்றிவிட்டது. அவர் மருந்து கலக்கிக் கொடுத்த அதே வார்டில் அவருக்கும் ஒரு கட்டில். டாக்டர் கையை விரித்துவிட்டார். அண்ணாச்சியோ தன் காயைக் கேட்டு வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு புள்ளிதான் மிச்சம்.

"சாரல் விழுத வரைக்கும் தாங்கிட்டேம்னா பொழைச்சுக்கிடுவேம்லே" என்றார். அவர் தமாஷுக்குச் சொல்லவில்லை.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. முத்தையாவுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரித் தோட்டக்காரரின் பூவாளியைத் தூக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஏறினான். கம்பியில் தண்ணீர் தெறித்தது.

"அண்ணாச்சி, சாரல் விழுது!" என்றேன் நான்.

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "சாரல்னா குத்தாலத்துக் காத்து மொதல்ல வரும்லே. இது பூவாளி. செல்லாது. வெளிய நிக்கிற கோட்டிக்காரப் பயல உள்ள வரச்சொல்லு, மண்டை காஞ்சிரும்."

நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். செத்தவர் காயில் சிவப்பு மையால் பெருக்கல் போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். பேனாவை எடுத்தேன். போடாமலே காயைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்தது, காற்று வந்தது, சாரலும் வந்தது. நானும் முத்தையாவும் ஐந்தருவிக்குப் போனோம். அண்ணாச்சியின் காயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து அருவியில் தலையைக் கொடுத்தேன்.

"செல்லுமாலே?" என்று பின்னாலிருந்து கத்தினான் முத்தையா.

அறைக்கு வந்து, அழிந்துபோன நாலு புள்ளியையும் மறுபடி வைத்தேன். செல்லாது என்றால் அண்ணாச்சியே வந்து சொல்லட்டும்.