ஆக்லாந்துக்கு ஐம்பது மணி நேரம்

இந்தக் குளிர்காலத்தில் உறைந்த ஏரியை விட்டு ஓர் அடியும் நகர்வதில்லை என்று தார்மோ சபதம் செய்திருந்தார். பனியில் துளையிட்டு மீன் பிடிக்கும் ஊர்ப் போட்டியில் பக்கத்து வீட்டு ஓஸ்ஸி தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவரை வென்றிருந்தார். இன்னொரு முறை தோற்றால் சொந்த ஊரான குவோபியோவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

இடையூறு மகளின் வடிவில் வந்தது. வில்யா வேலைக்காக ஆக்லாந்து போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிப்ரவரி நடுவில் கிளம்பிப் பத்து நாள் அவளுடன் இருந்துவிட்டு, மார்ச் மாதப் போட்டிக்கு முன்பே திரும்பிவிடலாம் என்றாள் மனைவி தூலிக்கி. நியாயமான யோசனைதான். ஆனால் மீன்கள் எந்த மூலையில் பதுங்கியிருக்கின்றன என்று பிப்ரவரியிலேயே துப்பறிய வேண்டுமே!

தூலிக்கிக்கு நெடும்பயணம் என்றால் கால் வீங்கும். தார்மோ அந்த வீக்கத்தையே நம்பினார். காபி வேளையில் நிலப்படத்தை விரித்து, ஹெல்சின்கியிலிருந்து ஆக்லாந்துக்குப் பதினாறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் என்று தொடங்கினார். வானில் இருப்பது ஏறத்தாழ ஒரு நாள். அதனுடன் ஹெல்சின்கி வரை பேருந்து, விமானம் மாறக் காத்திருப்பது, பெட்டிக்காக நிற்பது, எதிர்க்காற்று, அவிழ்த்த காலணியை மறுபடி மாட்டுவது எல்லாவற்றையும் சேர்த்தார்.

"அம்பது மணி நேரம், தூலிக்கி. உன் கால் தாங்குமா?"

"வில்யா அவ்வளவு சொல்லலையே."

"சின்னப் பொண்ணு, வெறும் பறக்கிற நேரத்தைச் சொல்லியிருப்பா. நம்ம வாசப்படியிலேர்ந்து அவ வாசப்படி வரைக்கும்தானே பயணம்?"

"அம்பதுதானா? அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"ஒரு நிமிஷம் குறையாது."

தூலிக்கி ஜன்னல் வழியே பனியைப் பார்த்தபடி இருந்தாள். தார்மோவுக்கு நெஞ்சு லேசாக உறுத்தியது. மகள் முகம் பார்க்க அவருக்கும் ஏக்கம்தான். கோடையில் போகலாம் என்று ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் தொலைபேசியில் மகளை அழைத்துவிட்டாள்.

"அப்பா கணக்குப் போட்டுட்டாருடி. அம்பது ராத்திரி தங்கறோம்."

தார்மோவின் காபி நடுவழியில் நின்றது.

விருந்துக்குப் போனால் பயணத்தின் ஒவ்வொரு முழு மணி நேரத்துக்கும் ஓர் இரவு தங்கலாம் என்பது அந்த வீட்டின் சட்டம். இயற்றியவர் தார்மோ. மாமியார் வீடு நாற்பது நிமிடத் தொலைவில் இருந்ததால், முப்பது ஆண்டுகளாகக் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் முடிந்ததுமே அவர் காரைக் கிளப்பிவிடுவார்.

"அது... முப்பதுக்குள்ள கூட முடிஞ்சிடும், தூலிக்கி. எதிர்க்காத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டேன்."

"அந்த நாப்பது நிமிஷத்தை ஒரு மணின்னு வெச்சுக்கோங்கன்னு எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்? கணக்குன்னா கணக்குதான்னு சொன்னது யாரு?"



போட்டி நாளன்று ஆக்லாந்துக் கடற்கரையில் மகளின் தோளில் சாய்ந்து, தார்மோ உள்ளூர மகிழ்ந்தும் வெளியே முனகியும் இருந்தபோது, வெற்றிக் கோப்பையுடன் ஓஸ்ஸியின் படம் வந்து சேர்ந்தது. அவர் கையிலிருந்த தூண்டில் தார்மோவுடையது. சும்மாதானே கிடக்கிறது என்று தூலிக்கி கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.