நன்னாவும் அமினோ அமில டானிக்கும்

பழவேற்காடு
12.8.1984

அன்புள்ள உமர் மாமாவுக்கு ராபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, வாப்பா, நான் மூவரும் நலம். உங்கள் வாப்பாவாகிய நன்னாவும் நலம் என்று எழுதலாமா என்பதை, இதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பட்டணத்திலிருந்து நீங்கள் அனுப்பிய அமினோ அமில டானிக் இரண்டு புட்டியும் உடையாமல் வந்தன. ஒரு மாதத்தில் எடை ஏறாவிட்டால் நன்னாவைப் பட்டணத்துக்கே அழைத்துப் போய்விடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். வயதானவர்களுக்குப் பசி குறைந்தால் தசை கரையும், தசைக்கு அமினோ அமிலம் வேண்டும் என்று புத்தகத்தை வைத்து நன்னாவுக்கு விளக்கினேன். "அது இறால்ல இல்லியா புள்ள?" என்று கேட்டார். இருக்கிறது, நீங்கள்தான் இறால் சாப்பிடுவதில்லையே என்றேன். வாயைத் திறந்தார். குடித்துவிட்டு, "இதுக்கே வயிறு ரொம்பிடுச்சு" என்று சோற்றைத் தள்ளிவிட்டார்.

எவ்வளவு சாப்பிடுகிறார் என்று நோட்டில் எழுத வேண்டும் அல்லவா? வாப்பாவோடு ஒரே சகன் தாம்பாளத்தில் கை போட்டுச் சாப்பிட்டால் யார் எத்தனை கவளம் என்பது தெரியாது. ஆகவே நன்னாவுக்குத் தனிப் பீங்கான் தட்டு வைத்தேன். முதல் நாள் ஒன்பது கவளம், எட்டாம் நாள் நாலு. டானிக் அளவைக் கூட்டினேன். மூன்று ஆனது. உம்மா அழுதார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நன்னாவின் பழைய கூட்டாளி அப்துல் ஷுக்கூர் வந்தார். தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா கலந்தர், உன்ன ஜமாஅத்த விட்டுத் தள்ளி வச்சிட்டாங்களா?" என்றார். "பேத்தி பரீட்சை வைக்குது. பேசாம குந்து" என்றார் நன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தட்டை எடுத்துவிட்டுச் சகனை வைத்தேன். மடவை மீனின் நடுத்துண்டை ஷுக்கூர் இவர் பக்கம் தள்ள, இவர் அவர் பக்கம் தள்ள, நாலு முறை போய் வந்த துண்டு கடைசியில் யார் வாய்க்குப் போனது என்று என்னால் எழுத முடியவில்லை. சோறு இரண்டாம் முறை வாங்கினார்கள். அன்றுமுதல் ஷுக்கூர் தினமும் வருகிறார். நோட்டில் "தெரியவில்லை" என்றே எழுதி வருகிறேன்.

நேற்று இறால் கம்பெனித் தராசில் நன்னாவை நிறுத்தோம். நாற்பத்து மூன்று கிலோவாக இருந்தவர் நாற்பத்தைந்து கிலோ. ஆகையால் அழைத்துப் போக நீங்கள் வர வேண்டியதில்லை.

மாமிக்கு என் சலாம். உங்கள் வேலையில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
ராபியா, ஒன்பதாம் வகுப்பு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாப்பா சொன்னார். தராசில் ஏறும்போது நன்னாவின் இடுப்பு பெல்ட்டுக்குள் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் இருந்தனவாம். அவற்றைத் தனியாக நிறுத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோ. மீதிக் கால் கிலோ நன்னாவுடையதுதான், மாமா. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாருங்கள். சகனைச் சுற்றி நாலு பேர் உட்காரலாம், இங்கே நன்னா, வாப்பா, ஷுக்கூர் என்று மூன்று பேர்தான் இருக்கிறார்கள்.