கறிவேப்பிலையின் சமூக, பொருளாதார விளைவுகள்

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினால் சமூகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன நேரும் என்று அறிய விரும்பிய அரசாங்கம், 1996இல் மொன்றியலில் ஓர் ஆய்வாணையத்தை நிறுவியது. ஆணையத்துக்குக் கட்டடம் கிடைத்தது. நாற்காலிகள் கிடைத்தன. பெயர்ப்பலகையில் பிரெஞ்சு எழுத்து ஆங்கில எழுத்தைவிட எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற விவாதம் முடிந்து பலகையும் கிடைத்தது. கஞ்சாதான் கிடைக்கவில்லை. சட்டவிரோதப் பொருளை அரசு ஆணையம் தொடவே கூடாது என்று சட்டப்பிரிவு சொல்லிவிட்டது.

ஆணையத்தின் பொருளாதார நிபுணர் முனைவர் ஆனந்தகிருஷ்ணனுக்குத் தூக்கம் போயிற்று. அவருடைய பதவி தற்காலிகமானது. ஆய்வு நடந்தால் ஆணையத்தில் நிரந்தரம். நடக்காவிட்டால் புறநகர் பியர்பொன்ட்ஸில் இருந்த வீட்டு சோபாவில் நிரந்தரம். மனைவி ரமாவோ, வேலை நிரந்தரமாகிவிட்டதாகச் சென்னையிலிருக்கும் தன் அண்ணனிடம் முன்கூட்டியே அறிவித்திருந்தாள்.

தலைவி மாக்கிரட் அம்மையார் வழி கண்டார்.

"சட்டபூர்வமான கஞ்சா என்பதில் இரண்டு அம்சங்கள் உண்டு. கஞ்சா நமக்குக் கிடைக்காது. சட்டபூர்வம் கிடைக்கும். கிடைப்பதை ஆராய்வோம்."

"புரியவில்லையே, மேடம்."

"சட்டத்துக்கு உட்பட்ட ஏதாவதொரு இலையைப் புகைக்கக் கொடுங்கள். விளைவுகளைப் பதிவுசெய்வோம்."

தர்க்கத்தில் ஓட்டை தேடினார் ஆனந்தகிருஷ்ணன். கிடைக்கவில்லை. மெட்ரோ பிடித்து, தமிழ்க் கடைகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்குப் போனார். அங்கே மளிகைக்கடை நடத்தும் பேரின்பநாதனிடம், விற்காமல் காய்ந்துபோன கறிவேப்பிலை நிறைய இருந்தது.

"கறிவேப்பிலையைப் பத்திறதோ? என்ன டொக்டர், கவுண்மேந்துக்குச் சமைக்கத் தெரியாதோ?"

"ஆராய்ச்சி, நாதன். புகைக்க ஆளும் வேணும்."

"ஆளுக்கென்ன குறை? மேல்வீட்டில ஏழு பேர் இருக்கினம். ஊரில இருக்கிற மனிசிமாரை இஞ்ச கூப்பிட ஸ்பொன்சருக்குப் போட்டிட்டுக் காத்திருக்கிற ஆக்கள். கவுண்மேந்து கேட்டா வைக்கோலும் பத்துவினம்."

நேர்காண்பவரும் தமிழர், பதில் சொல்பவரும் தமிழர். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேர்காணல் செல்லாது என்பது விதி. எனவே பேரின்பநாதன் நடுவில் உட்கார்ந்து தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தார்.

முதலில் வந்தவர் உருத்திரமூர்த்தி. உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர். அகதி விசாரணையில் தேறியவராதலால், அதிகாரி கேட்கும் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கும், அதைப் பணிவாக எடுத்துக் கொடுத்தால் போதும் என்று அறிந்திருந்தார்.

"புகைத்தபின் பசி எடுத்ததா?"

"பத்தினாப்பிறகு பசிச்சதோ எண்டு கேக்கிறார்."

உருத்திரமூர்த்தி அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். "பசிக்கவேணுமோ, ஐயா?"

"உண்மையைச் சொல்லுங்க."

"ஓம். நல்லாப் பசிச்சது."

"மிதப்பது போல இருந்ததா?"

"ஓம். மிதந்தனான்."

"எவ்வளவு உயரம்?"

"ஐயா எவ்வளவு எழுதப் போறியள்?"

ஒரு முழம் என்று முடிவாயிற்று. இலை இல்லாவிட்டால் வீட்டில் நிம்மதி குலையும், அதற்காக எவ்வளவு தூரமும் போவார், அதிகாரிகளிடம் மறைக்கவும் தயங்கமாட்டார் என்பவையும் பதிவாயின. மாடிப்படியில் அவர் மற்றவர்களோடு கதைத்துவிட்டுப் போனதால், மீதி ஆறு பேரும் அதே ஒரு முழ உயரத்தில் மிதந்தார்கள். ஆனந்தகிருஷ்ணனுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு சென்னை மைத்துனர் நினைவு வந்தது. சந்தேகம் போயிற்று.

அறிக்கையை மேலிடம் ஊன்றிப் படித்தது. கஞ்சாவைப் பற்றி இதில் எதுவும் இல்லையாதலால் கஞ்சாவின் நிலையில் மாற்றமில்லை. ஆனால் மனிதரை மிதக்கவைக்கும் இலையொன்று இத்தனை காலம் மளிகைக்கடைகளில் பகிரங்கமாகப் புழங்கிவந்தது அதிர்ச்சி தருகிறது. கறிவேப்பிலை உடனடியாகத் தடைசெய்யப்படுகிறது. அதைக் கண்டுபிடித்த முனைவர் ஆனந்தகிருஷ்ணன், கறிவேப்பிலைத் தடுப்புப் பிரிவின் நிரந்தரத் தலைவராக நியமிக்கப்படுகிறார்.

"நிரந்தரமாயிடுச்சு," என்றார் வீட்டில்.

"சந்தோஷம். ரசத்துல என்னத்தப் போடறது?"

"கொத்தமல்லி போடேன்."

ரமா ஒரு வாரம் கொத்தமல்லி போட்டாள். எட்டாம் நாள் பேசினாள்.

"நீங்க ஆபீஸ்ல எதை வேணா தடுத்துக்குங்க. எனக்குத் தாளிக்க இலை வேணும். இல்லாம வீட்டுக்கு வராதீங்க."

கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டு தடுப்புப் பிரிவின் தலைவர் பார்க் எக்ஸ்டென்ஷனில் நுழைந்தார். பேரின்பநாதன் இப்போது தோல் கோட்டு அணிந்திருந்தார். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று தெரிந்தது.

"அந்தச் சாமான் இஞ்ச இல்லை."

"நாதன், நான்தான்."

"நீங்கள் எண்டதாலதான் இல்லை எண்டுறன்."

ஆனந்தகிருஷ்ணன் நகரவில்லை. பேரின்பநாதன் கதவைச் சாத்தினார்.

"அப்ப சின்ன நேர்காணல், டொக்டர். கேள்வியெல்லாம் எனக்குப் பாடம். இலை இல்லாட்டி வீட்டில நிம்மதி குலையுதோ?"

"குலையுது."

"இதுக்காக எவ்வளவு தூரமும் போவியளோ?"

"பியர்பொன்ட்ஸ்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

"அதிகாரியளிட்ட மறைப்பியளோ?"

அந்த அதிகாரி யார் என்று ஆனந்தகிருஷ்ணன் ஒரு கணம் யோசித்தார். "மறைப்பேன்."

பேரின்பநாதன் அரிசி மூட்டைக்குள் கைவிட்டு ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார்.

"அந்த ஏழு பேரும் பொய் சொல்லிப்போட்டமெண்டு இவ்வளவு நாளும் கவலைப்பட்டவங்கள். நான் போய்ச் சொல்லுறன். அறிக்கை சரிதான்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக்குள்ளிருந்து மணம் மெல்ல எழுந்தது. ஆனந்தகிருஷ்ணனுக்குப் பசித்தது, நன்றாகவே பசித்தது. பஸ் நிறுத்தம்வரை அவர் கால் தரையில் பாவவில்லை. அளந்து பார்த்திருந்தால் ஒரு முழம் இருந்திருக்கும்.