மாடியிலிருந்து வந்த கரையான்

"உங்க வீட்டுக் கட்டில்லேர்ந்துதான் கரையான் எங்க வீட்டுக்கு இறங்கறது" என்று குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோர் முன்பும் போட்டு உடைத்தார் ஸ்ரீரங்கன். மயிலாப்பூர் அடுக்ககத்தின் செயலாளர், தரைத்தளவாசி. சொன்னது நேர் மேல் வீட்டு சகினாவைத்தான். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த அவளுடைய கட்டில் மறுநாளே வெளியேறிவிட்டது.

ஆனாலும் ஸ்ரீரங்கனின் காபியில் மரத்தூள் விழுவது நிற்கவில்லை.

நாற்காலி மேல் ஏறிப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தில் வட்டமாக ஒரு துளை. உள்ளேயிருந்து ஒரு கருவண்டு எட்டிப் பார்த்தது.

செல்போனில் தேடிப் படிக்கப் படிக்க அவருக்கு வியர்த்துவிட்டது. கரையான் மரத்தைத் தின்னும். வருகிற வழியெல்லாம் மண்ணால் கோடு கட்டும். இந்த வண்டு மரத்தைத் தின்னாது. குடியிருக்கத் துளை போட்டு, தூளை வெளியே தள்ளும்.

"அப்போ அந்தப் பொண்ணை அநியாயமா சொன்னேளா?" என்றாள் மனைவி சூடாமணி.

"மெதுவாப் பேசு. மேல கேட்கும்."

துளையை மெழுகு வைத்து அடைத்தார். வண்டு பக்கத்திலேயே புதுத் துளை போட்டது. சாம்பிராணி போட்டார். வண்டு வீட்டுக்குள் புகுந்து பூஜை அறைப் பக்கம் பறக்க, சூடாமணி துடைப்பத்தோடு பின்னால் ஓடினாள்.

"இன்னா சார், நெருப்பு புட்ச்சிக்கிச்சா?" என்று வாட்ச்மேன் போட்ட சத்தத்தில், ஒரு வாளித் தண்ணீரோடு பதறி ஓடிவந்தது சகினாதான்.

அவமானத்தில் ஸ்ரீரங்கனுக்குத் தலை நிமிரவில்லை. கையில் தூபக்கால், எதிரே துளை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

"தப்பு என்னோடதும்மா. இந்த வண்டுதான் தூள் கொட்டியிருக்கு. கரையானே இல்ல. உன் கட்டிலைப் போய்..."

"இல்ல அங்கிள். கழட்டினப்போதான் பார்த்தோம். சுவர் பக்கம் முழுக்கக் கரையான் தின்னு வெச்சிருக்கு. நீங்க சொன்னது சரிதான். எனக்குத்தான் வெட்கமாப் போச்சு."

ஸ்ரீரங்கனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே செயலாளர் குரலும் வந்தது.

"பரவாயில்ல. அடுக்ககத்துல இருக்கறச்சே, நம்மால அடுத்தவாளுக்குத் தொந்தரவு வராம நாமதான்..."

"ஏன்னா" என்று பூஜை அறையிலிருந்து சூடாமணி கூப்பிட்டாள். "மடின்னு நீங்க யாரையும் தொடவிடாத பெருமாள் அலமாரியை வண்டுக்காக நகர்த்தினேன். பின்னாடி சுவர்ல மண் கோடு. தரையிலேர்ந்து கிளம்பி நேரா அவாத்துக்குத்தான் ஏறிண்டு போறது."