பின் சீட்டில் ஆள் இருந்தால் மட்டும் வரும் சத்தம்

மந்தைவெளி,
சனிக்கிழமை காலை.

திருவான்மியூரில் நான்காவது மாடியில் காற்றோட்டமாக வசித்துவரும் அருமை மைத்துனர் திரு. டில்லிபாபு அவர்களுக்கு,

தங்கள் அக்காள் புருஷன் சுப்புராயன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும், தங்கள் மனைவி மக்களும், இரண்டு வாரமாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி சொர்ணமும் நலமாகத்தான் இருப்பீர்கள். இருந்துவிட்டுப் போங்கள். இத்தனை வருஷமாக ‘வாடா பாபு, போடா பாபு’ என்று கூப்பிட்டவன் இன்று ‘தாங்கள்’ போட்டு எழுதுகிறேனே, மரியாதை கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். கோபம். போன் செய்தால் எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னைத் தூக்கிவிட்டீர்கள். ஆகவே பேனாவை எடுத்தேன். காகிதத்தில் எழுதியதை யாரும் நீக்க முடியாது.

தூக்குவதற்கு முன்னால் நீங்கள் அந்தக் குழுவில் பேசிப் போட்டதை நான் கேட்டுவிட்டேன். “எங்க மாமா எங்க அக்காவ நடுரோட்ல வெச்சு எடை போட்டுட்டாரு.” இதுதானே நீங்கள் சொன்னது? செங்கல்பட்டுச் சித்தி அதற்கு வரிசையாக அழுகிற பொம்மைகளைப் போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? யாராவது கேட்டீர்களா? நான் எவரையும் எடை போடவில்லை ஐயா. நடந்தது என்ன என்று சொல்கிறேன், முழுவதும் படித்துவிட்டுப் பிறகு குழுவில் பேசுங்கள்.

முதலில், இவ்வளவுக்கும் காரணமான இந்தக் கார் யாருடையது? உங்களுடையது. புது வண்டி வாங்கிய ஜோரில், பதினெட்டு வயசான பழையதை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை உங்கள் அக்கா கையில் திணித்துவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும் “மாமாவுக்கு நான் காரே குடுத்திருக்கேன்” என்று நாலு இலை தள்ளி இருப்பவருக்கும் கேட்கும்படி சொல்கிறீர்கள். உங்களிடம் இருந்த காலத்தில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓட்டினீர்கள். என்னிடம் வந்த மறுமாதமே பாட்டுப் பெட்டி செத்துப்போனது. அப்போதுதான் வண்டி பேசத் தொடங்கியது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் இடது மூலையில் ‘டொக்’. பள்ளத்தில் விழுந்தால் ‘டொக் டொக்’. லஸ் முனையில் திரும்பும்போது ஒரு முனகல் வேறு.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் தராசும் எடைக்கல்லும் சோதிக்கிற முத்திரை ஆய்வாளராக வேலை பார்த்தவன். தி.நகர் கடைத்தெருவில் நான் நுழைந்தால் தராசெல்லாம் தானாக நிமிரும். எடைக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டியவனை, கல்லைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் பிடித்தவன். அப்படிப்பட்டவன் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

அடையாறில் அஸ்வத் என்று ஒரு பையன் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். முதலில் அங்கே போனேன். மடிக்கணினியை வண்டியில் செருகி, தலையைச் சொறிந்து, “கம்ப்யூட்டர்ல எந்தக் குறையும் காட்டல சார்” என்றான். காதால் கேட்டுப் பாருங்கள் தம்பி என்றேன். “அந்த ஆப்ஷன் எங்ககிட்ட இல்ல சார்” என்றான். அடுத்து ராயப்பேட்டை இனாயத். அவர் கணினியை எல்லாம் நம்புகிறவர் இல்லை. வண்டியின் பின் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி ஓர் அழுத்து அழுத்திவிட்டார். வண்டி ஒரு தரம் மேலே எழும்பி நின்றது. “ஷாக்கப்சர் செத்துப்போயிருந்தா தொட்டில் மாரி ஆடிக்கினே இருக்கும் நைனா. இது ஷோக்கா நிக்குது” என்றார். பிறகு தானே ஓட்டிக்கொண்டு ஒரு சுற்று போய்வந்தார். சத்தமே வரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்து, “வண்டி பூ மாரி போய்க்கினு கீது. காதுக்கு டாக்டரு வேற எடத்துல கீறாரு” என்றார்.

எனக்குச் சுருக்கென்று பட்டது. யோசித்துப் பார்த்தேன். நான் தனியாகப் போனால் சத்தம் வருவதில்லை. சொர்ணம் பின் சீட்டில் இருந்தால் மட்டும்தான் வருகிறது. அவளுக்கு முட்டி வலி, முன் சீட்டில் காலை மடக்கி உட்கார முடியாது. அதனால் பின்னால் ஏறி, இடது பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து, சீட்டின் மேலேயே காலை நீட்டிக்கொள்வாள். இதை இனாயத்திடம் சொன்னேன். “அப்போ அம்மாவ இட்டுக்கினு வா நைனா, பாத்துறலாம்” என்றார். சொன்னவர் அவர். இதையும் குழுவில் போடுங்கள்.

வீட்டுக்கு வந்து, “கிளம்பு, வண்டியில ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றேன். இதில் ஒரு பொய் உண்டா? இல்லை. ஆனால் நான் ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லையாம். அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, வளையல் மாற்றி, தி.நகர்தான் போகிறோம் என்று தானே முடிவு செய்துகொண்டு ஏறிவிட்டாள். தி.நகர் என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. பூ வைக்காதே என்று நான் சொல்லவில்லை என்பதும் ஒரு குற்றமானால், அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ராயப்பேட்டையில் வண்டி நின்றதும் அவள் முகம் மாறியது. நான் பார்த்தேன். பார்த்தும் என்ன செய்ய, இனாயத் அதற்குள் கீழே குந்திவிட்டார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டு அளந்துகொண்டே, எதிர் டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி, “ஆளு இல்லாங்காட்டி நாலு விரலு! அம்மா குந்தினா ரெண்டு விரலு! கொஞ்சம் அப்பால நகருங்கம்மா... மூணு விரலு!” என்று கத்தினார். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். ஒருவர் அம்மாவை நடுவில் உட்காரச் சொன்னார். இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நம் ஊரில் வண்டியின் பானட்டைத் திறந்தால் பத்துப் பேர் வருவார்கள் என்று தெரியும். டயரை அளந்தாலும் வருவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவளை வைத்து ஓட்டியபோது ‘டொக்’ என்று கணீரென்று வந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் இனாயத்துக்கு ஒரு சந்தேகம். பாரத்தினால் வருகிறதா, வேறெதனாலோ வருகிறதா என்று தெரிய வேண்டும். பக்கத்து மண்டியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கடன் வாங்கி, அவளை இறக்கி ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. இறங்கி வந்து, “அரிசிக்கு வரல நைனா. அம்மாவுக்கு மட்டும்தான் வருது” என்றார். டீக்கடை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் தாய் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் சிரிக்கவே இல்லை. ஆனால் தொழில் பழக்கத்தில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டது. “ரெண்டு மூட்டை பத்தாதுப்பா, இன்னும் ஒண்ணு வை. அப்பத்தான் எடை சரியா வரும்.”

இவ்வளவுதான் நான் சொன்னது. குறைந்த எடையை வைத்துச் சோதனை செய்து அதை முடிவு என்று ஒப்புக்கொள்ள என் மனசாட்சி இடம் தராது. இது அவளுக்குப் புரிய வேண்டாமா? முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவள்தானே? ஸ்டூலை விட்டு எழுந்தாள். அத்தனை பேருக்கும் நடுவில், குரலை உயர்த்தாமல், “என்னையும் அரிசியையும் ஒரே தட்டுல வெச்சுப் பாத்துட்டீங்க இல்ல? இனிமே அரிசியோடவே குடும்பம் நடத்துங்க” என்றாள். ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினாள். நேராக உங்கள் வீடு. பட்டுப்புடவையோடு வந்து நின்ற அக்காவை உள்ளே உட்கார வைத்து, மோர் கொடுத்து, உடனே குழுவில் பேசிவிட்டீர்கள்.

மூன்றாவது மூட்டையை வைத்தபோது சத்தம் வந்ததா என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வந்தது. நான் சொன்ன எடை சரி. சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

இனாயத்தும் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, புஷ்ஷைத் தட்டி, போல்ட்டை முறுக்கி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா குந்தாத வரைக்கும் வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல நைனா” என்று அனுப்பிவிட்டார். ஆக இரண்டு வாரமாக வண்டியில் சத்தமே இல்லை. மந்தைவெளியிலிருந்து அடையாறு வரைக்கும் போய்வருகிறேன், பள்ளத்தில் வேண்டுமென்றே விடுகிறேன், ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிடுகிறேன். பிறகு ஆத்திரத்தோடு இரண்டையும் நானே குடிக்கிறேன். டாக்டர் ஒன்றுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எனக்கு ஏதாவது ஆனால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. பெட்ஷீட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். இதைக் கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை.

சரி, குறையையாவது கண்டுபிடிப்போம் என்று பார்த்தால் பின் சீட்டில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு பிரபுவை, “தம்பி, மார்க்கெட் வரைக்கும் வாயேன்” என்று கூப்பிட்டேன். அவன் முன் கதவைத் திறந்தான். பின்னால் ஏறிக்கொள் என்றதும், “இன்னா சார், என்னையும் எடை போடப் போறியா?” என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். நீங்கள் குழுவில் பேசியது மந்தைவெளி முழுக்கத் தெரிந்திருக்கிறது. நன்றாக இருங்கள்.

இதெல்லாம் போதாது என்று உங்கள் மகன் மூலம் ஒரு தகவல் வேறு அனுப்பியிருக்கிறீர்கள். வண்டியை விற்றால்தான் அக்கா வருவாளாம். விற்க மாட்டேன் ஐயா! என்ன குறை என்று தெரியாமல் ஒரு பொருளை அடுத்தவன் தலையில் கட்டுவதற்கு நான் டில்லிபாபு அல்ல. குறை தெரிய வேண்டுமானால் சொர்ணம் பின்னால் உட்கார வேண்டும். ஆகவே அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவையுங்கள். வண்டியின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன். வேறு அர்த்தம் எதுவும் பண்ணிக்கொள்ள வேண்டாம். மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். எடை விஷயத்தில் இன்றுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. உங்கள் வாசலை மிதிப்பேன் என்றும் நினைக்க வேண்டாம். உயிர் உள்ளவரை நடக்காது. இந்தக் கடிதம்கூடக் கூரியரில்தான் வரும்.

தங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி, நன்றாகப் படிக்கட்டும், அப்பாவைப் போல் ஆகாமல் இருக்கட்டும். என் மனைவிக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
சுப்புராயன்

பின்குறிப்பு: பாபு, கூரியர்காரனை நம்ப முடியாது என்று நானே உங்கள் அடுக்ககத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வந்தேன். வாசலில் இருக்கிற வேகத்தடையில் ஏறினேன், அவ்வளவுதான், ‘படார்’. பின்பக்கம் அப்படியே இடது பக்கமாக உட்கார்ந்துவிட்டது. மட்கார்டு டயரைக் கவ்விக்கொண்டிருக்கிறது, விரல் விட இடமில்லை. வண்டி உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, உங்கள் கேட்டுக்கு நடுவில் நிற்கிறது. வேனும் தண்ணி லாரியும் பின்னால் நின்று ஹார்ன் அடிக்கின்றன. வாட்ச்மேன், “எடு சார், எடு சார்” என்று உயிரை எடுக்கிறான். அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தரையில் படுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் இரண்டாக உடைந்து கிடக்கிறது. உடைந்த வாயில் முக்கால் பங்கு பழைய துரு, கால் பங்குதான் இன்றைக்கு உடைந்த பளபளப்பு. அந்தத் துரு என்னிடம் வந்து பிடித்ததில்லை. விரிசல் உன் காலத்தது. நீ பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டிய காலத்தது. உன் அக்காவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பின் சீட்டில் இப்போது யாரும் இல்லை, அவள் இல்லாமலேயே உடைந்துபோயிற்று. இதை அவளிடம் நீ சொல்லாதே, நான் சொல்கிறேன். அவளைக் கீழே அனுப்பு. மேலே எழுதியிருப்பதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் அவள் கையில் கொடு. வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாதே, நான் இங்கேயே இருக்கிறேன். லாரிக்காரனிடம் வேறு வழியில் போகச் சொல்லிவிட்டேன்.